உரிமம் 1963இல், ஊதியம் 2024இல்: அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர்களின் அங்கீகாரம் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் 65 வயது நிறைவடையும்போது ஒருவருடைய மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மாறிவிடுகிறது. அதுவரை வேலை பார்த்த நிறுவனத்தின் வழியாகவோ சொந்தப் பணத்திலோ வைத்திருந்த தனியார் காப்பீட்டின் இடத்துக்கு மெடிகேர் எனப்படும் மத்திய அரசின் முதியோர் காப்பீடு வருகிறது. 2023 டிசம்பர் 31 வரை இந்த மாற்றத்துக்கு ஒரு விந்தையான பின்விளைவு இருந்தது. 62 வயதுப் பெண் ஒருவர் மனச்சோர்வுக்காக, மாநில அரசின் உரிமம் பெற்ற திருமண, குடும்பச் சிகிச்சையாளர் ஒருவரிடம் வாரந்தோறும் சென்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியார் காப்பீடு கட்டணத்தைச் செலுத்திவந்தது. அவருக்கு 65 ஆன மாதத்திலிருந்து, அதே அறையில் அதே சிகிச்சையாளர் தரும் அதே ஒரு மணி நேரத்துக்கு மெடிகேர் ஒரு டாலர்கூடக் கொடுக்காது. சிகிச்சையாளரின் உரிமம் சுவரில் மாட்டியபடியே இருக்கும். அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. மத்திய அரசின் பட்டியலில் அவருடைய தொழிலின் பெயர் இல்லை என்பது மட்டுமே காரணம்.

அந்தப் பெண்ணுக்கு முன் இருந்த வழிகள் மூன்றுதான்: முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுகளாகத் தன் கதையைச் சொல்லிவந்தவரை விட்டுவிட்டு, உளவியலாளர் அல்லது மருத்துவச் சமூகப் பணியாளர் ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் சிகிச்சையையே நிறுத்திவிட வேண்டும். கலிபோர்னியா மாநிலம் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கத் தொடங்கிய 1963இலிருந்து மெடிகேர் இதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய 2024 ஜனவரி 1 வரை 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த இடைவெளியைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. அரசு அங்கீகாரம் என்று ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆனால் ஒரு பெயரைப் பயன்படுத்தும் உரிமை, ஒரு வேலையைச் செய்யும் உரிமை, அந்த வேலைக்குப் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் பெறும் உரிமை ஆகிய மூன்றும் வெவ்வேறு வாசல்கள் என்பதும், ஒவ்வொரு வாசலிலும் காவலுக்கு நிற்பவர் வேறு என்பதும் இந்த வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

இரண்டு மூலங்கள்

இத்தொழில் இரண்டு தனித்தனி ஓடைகள் கலந்து உண்டானது. முதலாவது திருமண ஆலோசனை. 1929-30ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் ஆபிரகாம் ஸ்டோன், ஹன்னா ஸ்டோன் என்னும் மருத்துவத் தம்பதியரும், லாஸ் ஏஞ்சலிஸில் பால் போப்பனோவும், சற்றுப் பின்னர் பிலடெல்பியாவில் எமிலி மட்டும் தம்பதியருக்கான ஆலோசனை நிலையங்களைத் தொடங்கினார்கள். இவர்களில் போப்பனோவின் பின்னணி இன்று படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். பேரீச்சைச் சாகுபடி பற்றி நூல் எழுதியவர் அவர். மனித இனத்தை 'மேம்படுத்த' வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையையும் கட்டாயக் கருத்தடையையும் வெளிப்படையாக ஆதரித்தவர். மருத்துவரும் பாலியல் கல்வியாளரும் சமூக சேவகரும் இப்படிப்பட்டவரும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்த துறை அது. 1942இல் அமெரிக்கத் திருமண ஆலோசகர் சங்கம் உருவானபோது அதன் முதல் கவலை, யார் ஆலோசகர், யார் அல்லர் என்று வரையறுப்பதாகவே இருந்தது. அன்றைக்கு ஒரு பெயர்ப் பலகையும் இரண்டு நாற்காலிகளும் இருந்தால் எவரும் திருமண ஆலோசகராகிவிடலாம்.

இரண்டாவது ஓடை மனநல மருத்துவமனைகளிலிருந்து வந்தது. 1950களில் பாலோ ஆல்டோவில் மானிடவியலாளர் கிரெகரி பேட்சனும் அவருடைய குழுவினரும் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களுக்குள் நிகழும் உரையாடலை ஆராய்ந்தார்கள். 1956இல் அவர்கள் வெளியிட்ட 'இரட்டைக் கட்டு' (ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளுக்கு இடையே ஒருவர் தப்ப வழியின்றிச் சிக்கிக்கொள்வது) பற்றிய கட்டுரை, நோயை ஒருவரின் தலைக்குள் தேடாமல் பலருக்கு இடையே தேடச் சொன்னது. (மனச்சிதைவின் காரணத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை, பார்வை மட்டும் நிலைத்தது.) மேரிலாந்தின் பெத்தெஸ்டாவில் இருந்த தேசிய மனநல நிறுவனத்தில் மர்ரே போவன், நோயாளியுடன் அவருடைய குடும்பத்தாரையும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் ஏழைக் குடும்பங்களை மொத்தமாக உட்காரவைத்து, யார் யாருக்குப் பக்கத்தில் அமர்கிறார்கள் என்பதிலிருந்தே தன் வேலையைத் தொடங்கினார். இவர்கள் அனைவரையும் இணைத்த கருத்து ஒன்றுதான்: மருத்துவமனை ஏட்டில் பெயர் எழுதப்பட்டவர் 'அடையாளம் காட்டப்பட்ட நோயாளி' மட்டுமே, கோளாறு உறவுகளின் அமைப்பில் இருக்கிறது. இந்தக் கருத்து பிற்பாடு காப்பீட்டுப் படிவத்தோடு மோதப்போகிறது என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியா முதலில் திறந்த வாசல்

1963இல் கலிபோர்னியா சட்டமன்றம் திருமண, குடும்ப, குழந்தை ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே இத்தகைய முதல் சட்டம் அதுதான். 1966இல் மிச்சிகனும் 1968இல் நியூ ஜெர்சியும் தொடர்ந்தன. தகுதியற்றவர்கள் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்வதைத் தடுப்பதே இவற்றின் உடனடி நோக்கம். நுகர்வோரைக் காக்கப் பிறந்த சட்டம் ஒரு தொழிலையும் பெற்றெடுத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பெயர் மட்டும் பின்தங்கியே வந்தது. சங்கம் 1970களின் இறுதியிலேயே தன் பெயரில் 'ஆலோசனை'யை விட்டு 'சிகிச்சை'க்கு மாறிவிட்டது; கலிபோர்னியாவின் உரிமத்திலோ 1999இல்தான் 'ஆலோசகர்' போய் 'சிகிச்சையாளர்' வந்தது. தமிழில் நாம் இருவரையும் குடும்பநல ஆலோசகர் என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். காப்பீட்டு நிறுவனமோ இந்த இரண்டு சொற்களுக்கும் இரண்டு விலை போடும்: ஆலோசனை என்பது அறிவுரை, அதற்குப் பணம் கிடையாது, சிகிச்சை என்பது மருத்துவம், அதற்குப் பணம் உண்டு.

உரிமம் பெறுவது எளிதான வேலையன்று. கலிபோர்னியாவில் இன்று முதுநிலைப் பட்டம் முடித்தவர், மேற்பார்வையின்கீழ் 3,000 மணி நேரப் பணியை நிறைவு செய்து காட்ட வேண்டும். அவற்றில் குறைந்தது 500 மணி நேரமாவது தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகள் ஆகியோருடன் கழிந்திருக்க வேண்டும். 104 வாரங்களுக்குக் குறையாத மேற்பார்வை, ஒவ்வொரு வாரத்துக்கும் மேற்பார்வையாளரின் கையெழுத்து, அவற்றோடு சட்டமும் தொழில்நெறியும் பற்றிய ஒரு தேர்வு, சிகிச்சைத் திறன் பற்றி இன்னொரு தேர்வு. மேற்பார்வையாளர் இடையில் வேலை மாறிவிட்டால் அவரிடம் கையெழுத்து வாங்க அலைவது, கணக்கில் சேராமல் போன மணி நேரங்களை மீண்டும் உழைத்து ஈடுகட்டுவது ஆகியவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்த 3,000 என்ற எண் பட்டப்படிப்பைவிடக் கனமானது என்பது புரியும்.

மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 2009இல் 50 மாநிலங்களிலும் உரிமச் சட்டம் இருந்தது. அதற்கு முன்பே மத்திய அரசும் துண்டு துண்டாக இத்தொழிலை ஏற்றுக்கொண்டிருந்தது. 1978இல் மத்தியக் கல்வி அதிகாரிகள் இத்துறையின் பட்டப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஆணையத்தை ஏற்றார்கள். 1992இல் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோருடன் திருமண, குடும்பச் சிகிச்சையாளரையும் மனநலத்தின் அடிப்படைத் தொழில்களில் ஒன்றாக மத்திய விதிகள் கணக்கிட்டன. ஆனால் அந்த 1992ஆம் ஆண்டு விதியின் பயன் ஒரு வகையில் வேடிக்கையானது. எந்த வட்டாரத்தில் மனநலப் பணியாளர் பற்றாக்குறை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கான விதி அது. ஓர் ஊரில் மனநலப் பணியாளர் எத்தனை பேர் என்று எண்ணும்போது மத்திய அரசு இவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதே ஊரின் முதியவருக்கு இவர்கள் சிகிச்சை அளித்தால் பணம் கொடுக்காது.

முன்னாள் படைவீரர் நலத் துறையின் அனுபவமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அத்துறையின் மருத்துவமனைகளில் இவர்களை நியமிக்க வழிசெய்தது. நியமனத்துக்கான தகுதி வரையறையை அத்துறை வெளியிட்டதோ 2010 செப்டம்பரில். சட்டம் கையில் இருந்தும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு அந்தப் பதவிக்கென்று முறையான வாசல் இல்லை. வரையறை வந்தபோதும், குறிப்பிட்ட ஓர் ஆணையத்தின் தரச்சான்று பெற்ற பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. நாட்டிலேயே மிக அதிகமான உரிமதாரர்களைக் கொண்ட கலிபோர்னியாவில் உரிமம் பெற அந்தச் சான்று தேவையில்லை. ஆகவே பலர் அது இல்லாத கல்லூரிகளில் படித்தவர்கள். ஒரு வாசல் திறந்தபோது முதலில் உரிமம் பெற்ற மாநிலத்தாரே வெளியில் நிற்க நேர்ந்தது.

டெக்சஸ் வழக்கு: 'மதிப்பிடுதல்' என்றால் என்ன?

இந்த வரலாற்றில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி டெக்சஸில் நடந்த வழக்கு. அங்கே 1991ஆம் ஆண்டின் சட்டம், திருமண, குடும்பச் சிகிச்சை என்பது குடும்ப அமைப்புக் கோட்பாடுகளைப் பயன்படுத்தித் தனிநபர்களுக்கும் தம்பதியருக்கும் குடும்பங்களுக்கும் அளிக்கப்படும் தொழில்முறைச் சேவை என்றும், திருமணம் அல்லது குடும்பம் என்ற சூழலில் அறிவு, உணர்ச்சி, நடத்தை, உறவு ஆகியவற்றில் தோன்றும் சீர்குலைவுகளை மதிப்பிடுவதும் சரிசெய்வதும் அதில் அடங்கும் என்றும் வரையறுக்கிறது. 'மதிப்பிடுதல்' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. 'நோயறிதல்' என்ற சொல் இல்லை. உரிம வாரியம் வகுத்த விதியோ, டி.எஸ்.எம். எனப்படும் மனநலக் கோளாறுகளின் கையேட்டிலும் ஐ.சி.டி. எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டிலும் தொகுக்கப்பட்டுள்ள அறிவைப் பயன்படுத்தி 'நோயறி மதிப்பீடு' செய்யலாம் என்றது.

2008இல் டெக்சஸ் மருத்துவச் சங்கம் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அதன் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. மாநிலத்தின் மருத்துவத் தொழில் சட்டப்படி உடல் அல்லது மன நோயை அறிவதும் அதற்குச் சிகிச்சை அளிப்பதும் மருத்துவத் தொழிலாகும். சட்டமன்றம் தராத அதிகாரத்தை ஒரு வாரியம் விதி எழுதித் தானே எடுத்துக்கொள்ள முடியாது. மதிப்பிடுதல் வேறு, நோயறிதல் வேறு. விசாரணை நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2014இல் ஆஸ்டினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதிசெய்தது. 2017 பிப்ரவரி 24 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாற்றி, சட்டம் தந்த அதிகாரத்தை வாரியத்தின் விதி மீறவில்லை என்று முடிவு செய்தது. மதிப்பிடுதலுக்கும் நோயறி மதிப்பீட்டுக்கும் இடையில் மருத்துவச் சங்கம் எழுப்ப விரும்பிய சுவரை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒரு சொல்லுக்காக ஒன்பது ஆண்டுகளா என்று கேட்கத் தோன்றும். காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. அந்தப் படிவத்தில் நோயின் குறியீட்டு எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் கோரிக்கை திரும்பிவந்துவிடும். கட்டத்தை நிரப்பும் அதிகாரம் இல்லாத சிகிச்சையாளர் வேறொருவரின் நோயறிதலை எதிர்பார்த்து நிற்க வேண்டும் அல்லது பணம் கொடுக்க வசதியுள்ளவர்களை மட்டும் பார்க்க வேண்டும். மருத்துவச் சங்கம் வென்றிருந்தால் டெக்சஸில் எவருடைய உரிமமும் பறிபோயிருக்காது. ஆனால் அந்த உரிமத்தை வைத்துப் பிழைப்பு நடத்துவது பெரும்பாடாகியிருக்கும். மருத்துவர்களின் கவலையை வெறும் தொழிற்போட்டி என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தைராய்டு குறைபாடும் மூளைக் கட்டியும் மனச்சோர்வின் வேடத்தில் வரக்கூடும்; அதை யார் கண்டுபிடிப்பது என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை, சந்தேகம் வரும்போது மருத்துவரிடம் அனுப்பும் கடமையைச் சிகிச்சையாளர்மேல் சுமத்துவதில் இருக்கிறதேயன்றி, ஒரு சொல்லைத் தடை செய்வதில் இல்லை என்பது என் கணிப்பு.

மெடிகேர்: இருபது ஆண்டு இழுபறி

மத்திய அரசின் முதியோர் காப்பீட்டில் உளவியலாளர்களும் மருத்துவச் சமூகப் பணியாளர்களும் 1989ஆம் ஆண்டின் வரவுசெலவுச் சட்டத்தின் வழியே நேரடியாகச் சேர்க்கப்பட்டார்கள். அப்போது திருமண, குடும்பச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம்கூட இல்லாத சிறு கூட்டம். மெடிகேர் சட்டத்தில் ஒரு தொழிலைச் சேர்க்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டும்; எந்த அதிகாரியும் சுற்றறிக்கை விட்டு அதைச் செய்ய இயலாது. தவறவிட்ட பேருந்து மறுபடி வர முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2000களில் ஒருமுறை செனட் ஏற்றுக்கொண்டால் பிரதிநிதிகள் சபை ஏற்கவில்லை. பிரதிநிதிகள் சபை ஏற்றபோது செனட் கைவிட்டது. எதிர்ப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும் செலவு என்று ஒன்று இருந்தது. மெடிகேரில் புதிதாக ஒருவருக்குப் பணம் கொடுப்பதென்றால் நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் அதற்கு ஒரு தொகையைக் கணக்கிடும். அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லாத மசோதா நகராது. உளவள ஆலோசகர்கள் என்னும் இன்னொரு பெரிய தொழிலும் இதே நிலையில் நின்றதால், இரு தரப்பும் ஒரே மசோதாவில் கைகோத்தன. வயோமிங்கின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் பராசோவும் மிச்சிகனின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெபி ஸ்டாபெனோவும் செனட்டிலும், கலிபோர்னியாவின் மைக் தாம்சனும் நியூயார்க்கின் ஜான் காட்கோவும் பிரதிநிதிகள் சபையிலும் அதை முன்னெடுத்தார்கள். வயோமிங் போன்ற மாநிலத்திலிருந்து இதற்கு ஆதரவு வந்ததில் வியப்பில்லை. பக்கத்து மனநல மருத்துவரைப் பார்க்க நூறு மைல் வண்டி ஓட்ட வேண்டிய நிலத்தில், ஊரில் இருக்கும் ஒரே சிகிச்சையாளர் மெடிகேர் பட்டியலில் இல்லை என்பது கட்சி பார்க்கும் பிரச்சினையன்று.

இறுதியில் அது தனிச் சட்டமாக வரவில்லை. 2022 டிசம்பர் 29 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட, ஏறத்தாழ 1.7 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள, 4,000 பக்கங்களைத் தாண்டிய ஒருங்கிணைந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் 4121 என்ற எண்ணுள்ள பிரிவாக அது ஒட்டிக்கொண்டு வந்தது. கல்யாணக் கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் போல. ஓராண்டு கழித்து, 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பிரிவு சொன்னவை சுருக்கமானவை. மாநில உரிமத்துக்குத் தகுதியளிக்கும் முதுநிலை அல்லது முனைவர் பட்டம், அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மேற்பார்வையின்கீழ்ப் பணி, நடப்பிலுள்ள மாநில உரிமம் ஆகியவை இருந்தால் மெடிகேர் நேரடியாகப் பணம் கொடுக்கும். அதற்கு முன்பு மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அவருடைய பெயரில் கோரிக்கை அனுப்பி வேலை செய்யும் வழி மட்டும் இருந்தது. உழைப்பு ஒருவருடையது, ரசீதில் பெயர் வேறொருவருடையது. கிராமப்புற மருத்துவ நிலையங்களிலும், மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் குழுக்களிலும் இவர்களுக்கு இடம் தரப்பட்டது. இந்தக் கடைசி மாற்றம் பலருடைய கண்ணில் படவில்லை என்றாலும் குடும்பச் சிகிச்சைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது என்று நினைக்கிறேன்.

கட்டணம் பற்றிய பகுதியில்தான் கசப்பு. உளவியலாளருக்கு மெடிகேர் அனுமதிக்கும் தொகையில் 75 விழுக்காடு மட்டுமே இவர்களுக்கு. சமூகப் பணியாளர்களுக்கும் இதே விழுக்காடுதான். ஒரு சேவைக்கு உளவியலாளருக்கு 120 டாலர் என்று வைத்துக்கொண்டால் இவருக்கு 90 டாலர்; அந்த 90இல் 80 விழுக்காடாகிய 72 டாலரை மெடிகேர் கொடுக்கும், மீதி 18 டாலரை நோயாளி கொடுக்க வேண்டும். அதற்குமேல் ஒரு டாலர்கூட நோயாளியிடம் கேட்கக் கூடாது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2024க்கு முன், 70 வயதுக்காரர் ஒருவர் விரும்பி வந்தால் அவரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கச் சிகிச்சையாளருக்குத் தடையில்லை, ஏனென்றால் மெடிகேரின் பார்வையில் அப்படி ஒரு தொழிலே இல்லை. அங்கீகாரம் கிடைத்த பிறகு அந்தச் சுதந்திரம் போய்விட்டது. மெடிகேரில் பதிவுசெய்து கொண்டு அதன் கட்டணத்தை ஏற்க வேண்டும். அல்லது விலகிக்கொள்வதாக உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்து, ஒவ்வொரு முதிய நோயாளியிடமும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். விலகல் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். இரண்டில் எதையும் செய்யாமல் பழையபடி பணம் வாங்குவது விதிமீறலாகும். சொந்த அறையில் தனியாக வேலை பார்க்கும் பல சிகிச்சையாளர்களுக்கு 2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் படிவம் நிரப்புவதிலும், நிரப்பலாமா என்று யோசிப்பதிலும் கழிந்திருக்கும்.

படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்

இனி, முன்னே குறித்துவைத்த மோதலுக்கு வருவோம். இத்தொழிலின் மூலக்கருத்து, கோளாறு ஒருவருக்குள் இல்லை, பலருக்கு இடையே இருக்கிறது என்பது. அங்கீகாரத்துக்கு அரசு கேட்ட விலையோ, ஒருவருடைய பெயரையும் அவருடைய நோயின் எண்ணையும் எழுதிக் கொடு என்பது.

மெடிகேரில் தம்பதியரையோ குடும்பத்தையோ உட்காரவைத்து நடத்தும் சிகிச்சைக்கு இரண்டு சேவை எண்கள் உள்ளன. நோயாளியும் உடன் இருந்தால் 90847. அவர் இல்லாமல் குடும்பத்தாரை மட்டும் சந்தித்தால் 90846. இரண்டிலும் 'நோயாளி' ஒருமைதான். குடும்பத்தாரோடு பேசுவதன் முதன்மையான நோக்கம் அந்த ஒருவரின் நோய்க்குச் சிகிச்சை அளிப்பதாக இருந்தால்தான் பணம் என்று மெடிகேரின் வழிகாட்டு விதி சொல்கிறது. கணவன் மனைவிக்கு இடையிலான பிணக்குக்கு நோய் வகைப்பாட்டில் ஓர் எண் இல்லாமல் இல்லை, இசட் 63.0 என்பது அது. ஆனால் இசட் வரிசை நோய்களின் வரிசையன்று, உடல்நலத்தைப் பாதிக்கும் சூழ்நிலைகளின் வரிசை. அதை மட்டும் எழுதி அனுப்பினால் தனியார் காப்பீட்டாளர்களும் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். 74 வயதுக் கணவருக்கு மறதிநோய் தொடங்கியிருக்கிறது. 71 வயது மனைவி இரவில் தூங்குவதில்லை; பகலில் அவர்மேல் எரிந்து விழுகிறார், பிறகு அழுகிறார். அப்பாவுக்கு ஏதும் தெரியாது என்று மகள் எல்லா முடிவுகளையும் தொலைபேசியிலேயே எடுக்கிறாள். குடும்பச் சிகிச்சை கற்றவர் இதைப் பார்த்ததும் மூவருக்கும் இடையே மாறிவிட்ட பொறுப்புகளைப் பார்ப்பார். கணவர் அதிகாரம் இழந்ததும், மனைவி தாதியானதும், மகள் தாயானதும் அவருடைய கண்ணுக்கு ஒரே படமாகத் தெரியும். மூவரையும் ஒன்றாக அமர்த்தி ஐம்பது நிமிடம் பேசுவார். அது முடிந்ததும் கணினியின் முன் உட்கார்ந்து ஒரு கேள்விக்கு விடை எழுதியாக வேண்டும்: இவர்களில் நோயாளி யார்? பெரும்பாலும் மனைவியின் பெயர் எழுதப்படும். சூழலுக்கு ஒத்துக்கொள்ளாத மனநிலைக் கோளாறு அல்லது மனச்சோர்வு என்று ஒரு குறியீடு இடப்படும். அது பொய்யன்று, அவருக்கு உண்மையிலேயே அந்த அறிகுறிகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் எழுதக் கூடாது. ஆனாலும் பேட்சனும் மினுச்சினும் மறுத்த அந்த 'அடையாளம் காட்டப்பட்ட நோயாளி'யை இப்போது அடையாளம் காட்டுபவர் குடும்பச் சிகிச்சையாளரே.

இத்தொழிலுக்குள் இதைப் பற்றிப் பழைய வாக்குவாதம் ஒன்று உண்டு. டெக்சஸ் வழக்கில் நோயறியும் உரிமைக்காகப் போராடியது தன் வேரையே அறுத்துக்கொண்டதாகாதா என்று ஒரு தரப்பு கேட்கிறது. உரிமை இல்லாமல் தூய்மையாக இருந்தால் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே சேவை செய்ய முடியும் என்கிறது மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறேன், தயக்கத்தோடுதான். தொழிலின் கோட்பாடு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், 65 வயதில் தன் சிகிச்சையாளரை இழந்த பெண்ணுக்கு அதனால் பயன் எதுவும் இருந்ததில்லை. ஆனால் உறவுக் கோளாறுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பதையும், 4121ஆம் பிரிவு அதைத் தொடவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2024க்குப் பின்னும் அந்த மூவரில் மெடிகேரின் ஏட்டில் ஏறுவது மனைவியின் பெயர் மட்டுமே. 65 வயதாகாத மகள் அந்த அறையில் இருந்தாளா இல்லையா என்பது கட்டணத்தை மாற்றாது.